பச்சைக் கைப்பிடி

அந்தத் தெருவில் காலையில் யார் முதலில் விலை எழுதுகிறாரோ அவர் தோற்றவர். எவரும் வகுக்காத, எவரும் மீறாத விதி அது. தெருவின் இந்தப் பக்கம் பச்சைப் பெயர்ப்பலகை மாட்டிய ஹார்டுவேர் கடை. நேர் எதிரே சிவப்புப் பெயர்ப்பலகை மாட்டிய இன்னொன்று. ஆணி முதல் ஏணி வரை இரண்டிலும் ஒரே சரக்கு. ஷட்டரைத் தூக்கிய கையோடு இரு தரப்பும் ஆளுக்கொரு கரும்பலகையை வாசலில் கொண்டுவந்து சாய்த்து வைக்கும்; வைத்த பிறகு எழுதாது. எதிராளி எழுதும்வரை பொறுத்திருந்து, அவன் எழுதிய விலையில் ஒரு சிட்டிகையைக் கிள்ளி எறிந்துவிட்டுத் தன் பலகையை நிரப்புவதில்தான் வெற்றி இருந்தது. ஆகவே சாக்பீசும் கையுமாக இரண்டு பேர் தெருவின் இரு கரையிலும் துடைத்த பலகையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு நிற்பது அங்கே அன்றாடக் காட்சி.

பச்சைக் கடையின் மேனேஜர் இதில் தேர்ந்தவன். விற்பனைக்கு வந்த குளியலறைக் கண்ணாடி ஒன்றை வாசலுக்குச் சற்று உள்ளே சாய்வாக மாட்டியிருந்தான். எதிர்க்கடைக்கு முதுகைக் காட்டி, பெயின்ட் டப்பாக்களை அடுக்குவதில் மும்முரமாக இருப்பதுபோல் பாவனை செய்துகொண்டே, கண்ணாடியில் எதிர்ப் பலகையைப் படித்துவிடுவான். எண்கள் இடவலம் மாறித் தெரியும். அதற்கும் கண் பழகிவிட்டது. எதிரே சாக்பீசோடு நிற்கிறவனுக்கு இத்தனை பொறுமை கிடையாது. அவன் மேனேஜரின் மச்சான், மனைவியின் தம்பி. சிவப்புக் கடை மேனேஜரின் மாமனாருடையது. மேனேஜர் தன் மனைவியோடும் மகளோடும் குடியிருந்ததோ அதே மாமனார் வீட்டு மாடியில்.

பகலில் தெருவில் சண்டை, ராத்திரியில் ஒரே வீட்டுச் சாப்பாடு என்று அந்தத் தெருவில் கேலி பேசாதவர் இல்லை. அவனுக்கு அது கேலியாகப் படவில்லை, விருதாகப் பட்டது.

திருமணமான புதிதில் அவனும் சிவப்புக் கடையில்தான் நின்றான். அங்கே அவனுக்குப் பெயர் இருக்கவில்லை. மாமனார் ‘மாப்பிள்ளை’ என்று அழைத்தார், அது முறை. ஆனால் வாடிக்கையாளர்களும் அதையே பிடித்துக்கொண்டார்கள். ‘மாப்பிள்ளை, அரைக் கிலோ ஆணி’, ‘மாப்பிள்ளை, அந்த மூணாவது தட்டுல பாருங்க’ என்று தெருவில் போகிறவர்கூட அவனுக்குப் பெண் கொடுத்த உரிமையோடு ஏவினார்கள். அவன் அங்கே தன் விருப்பப்படி செய்த வேலை ஒன்றே ஒன்றுதான். புதிதாக வரும் கட்டிங் பிளேயர் ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து வாய் சரியாகக் கவ்வுகிறதா என்று பார்ப்பான். ஒரு மெல்லிய கம்பியை நறுக்கிப் பார்ப்பான். தேறியதன் இடது கைப்பிடியின் நுனியில் முக்கோண அரத்தால் இரண்டு சிறு கீறல் போட்டுத் தட்டில் வைப்பான். யாரும் அதைக் கேட்டதில்லை, யாரும் அதைக் கவனித்ததும் இல்லை. “பல்லைப் பிடிச்சுப் பார்த்துதான் வாங்கறார் எங்க மாப்பிள்ளை, மாட்டு வியாபாரி மாதிரி” என்று மாமனார் மட்டும் ஒருமுறை கடை நிறையச் சிரிக்க வைத்தார்.

இப்படி இருக்கையில்தான் எதிரே பச்சைக் கடை முளைத்தது. அதன் முதலாளி ஒல்லியாய், நெடுநெடுவென்று, கழுத்தைச் சற்று முன்னால் நீட்டி நிற்பார். கொக்கு என்று தெருவே அவருக்குப் பெயர் வைத்துவிட்டது. ஒருநாள் பேருந்து நிறுத்தத்தில் அவர் அவன் பக்கத்தில் வந்து நின்றார். “உங்க திறமைக்கு நீங்க அங்க ஏணி தூக்கிட்டு இருக்கறது அநியாயம். எங்கிட்ட மேனேஜரா வாங்க” என்றார். வந்த பேருந்தை அவன் தவறவிட்டான். மாமனாரிடம் எப்படிச் சொல்வது என்று ஒரு வாரம் தூக்கம் கெட்டு, கடைசியில் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. கையிலிருந்த ஆணியைப் பார்த்தபடி, “போங்க, போய்ப் பாருங்க” என்று மட்டும் சொன்னார். அந்த அமைதியை அவன் தோல்வியின் அமைதி என்று எடுத்துக்கொண்டான்.

தெருவைக் கடந்ததும் ஆள் மாறிவிட்டான். இங்கே அவன் ‘மேனேஜர் சார்’. மாமனாரின் கடையை விலையில் மடக்குவதற்கென்றே பிறந்தவன்போல் வேலை செய்தான். அதன் கனியாக இப்போது ஒரு வாடகை வீடும் அமைந்திருந்தது. நான்கு தெரு தள்ளி, இரண்டு அறை, சமையலறையில் ஒரு ஜன்னல், எல்லாவற்றுக்கும் மேலாக வாசலிலிருந்து நேராக ஏறும் தனிப் படிக்கட்டு. மாமனார் வீட்டு மாடிக்குத் தனி வழி கிடையாது. வெளியே போகவும் உள்ளே வரவும் அவர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் கூடத்தைக் கடந்தாக வேண்டும். கையில் என்ன பை, முகத்தில் என்ன வாட்டம் என்று எல்லாம் அந்த நாற்காலிக்குக் கணக்குத் தெரியும். புது வீட்டுக்காரர் கேட்டது ஒன்றே ஒன்று: வேலை பார்க்கும் இடத்து முதலாளி நேரில் வந்து ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கொக்கு ஒப்புக்கொண்டிருந்தார். சாவி கையில் வந்ததும் குடிபோக வேண்டியதுதான். மனைவி பாத்திரங்களைப் பழைய செய்தித்தாளில் சுற்றத் தொடங்கிவிட்டாள்.

அந்த நிலையில் ஒரு முற்பகலில் எலெக்ட்ரீஷியன் வந்தார். வாடிக்கையாளர்களில் அவர் ஒரு தினுசு. இரண்டு கடையிலும் விலை கேட்காமல் ஒரு திருகாணிகூட வாங்க மாட்டார். இரண்டு கடை விலையிலும் ஓர் ஒழுங்கு உண்டு: பிளேயர் சிவப்பில் மலிவு, சுத்தியல் பச்சையில் மலிவு, ஸ்க்ரூ டிரைவர் அங்கே, அளவு டேப் இங்கே. ஆகவே ஜனங்கள் தெருவைக் குறுக்கே நடந்து நடந்து, அங்கொன்றும் இங்கொன்றுமாக வாங்கி, இரண்டு கடைக்காரனையும் ஏமாற்றிவிட்ட பூரிப்போடு வீடு திரும்புவார்கள். பிளேயரைப் பொறுத்தவரை சமீபகாலமாகப் பச்சைக்கு ஒரு தனி மவுசு ஏற்பட்டிருந்தது. விலை கூடுதல் என்றாலும் அதையே கேட்டு வாங்கினார்கள். அங்கே விற்பது சிவப்புக் கைப்பிடி, இங்கே பச்சை; மவுசுக்குக் காரணம் மேனேஜரின் வாய்.

“அது சிவப்பு சார், இது பச்சை. ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். கையில பிடிச்சுப் பாருங்க” என்பான். பிடித்துப் பார்த்தவர்கள் தலையாட்டினார்கள். உண்மையிலேயே பச்சையின் பிடி தடித்து, கைக்கு நிறைவாக இருந்தது. அதை முதலில் கவனித்தவன் அவன். கவனித்து, அதற்காகவே விலையைக் கொஞ்சம் ஏற்றியவனும் அவன்தான்.

எலெக்ட்ரீஷியன் கல்லாவின்மேல் ஒரு பிளேயரைப் போட்டார்.

“சார், உங்க சரக்கு சட்டையைக் கழட்டிட்டு நிக்குது.”

“என்ன ஆச்சு?”

“பேக்கரியில ஒயர் மாத்தப் போனேன். அடுப்புக்கு மேல இதை வெச்சுட்டு மறந்துட்டேன். திரும்பப் போய் எடுத்தா பெல்பாட்டம் மாதிரி தொங்குது. அது என் தப்பு, அதுக்கு நான் கேட்கல. உள்ள பாருங்க.”

பச்சை உறை வெந்து வெடித்து, கைப்பிடியின் நுனியிலிருந்து விரிந்து தொங்கியது. உள்ளே இரும்பு தெரியவில்லை. பளபளவென்று சிவப்பு தெரிந்தது.

“எதிர்க்கடைச் சரக்குக்குப் பச்சை பூசி விக்கறீங்களா? இல்ல, உங்களை வேவு பார்க்க அவங்க மாறுவேஷத்துல அனுப்பினதா?” எலெக்ட்ரீஷியன் தன் நகைச்சுவைக்குத் தானே சிரித்தார்.

“எல்லாமே ஒரே ஃபேக்டரிதாங்க” என்று பதில் சொல்லத் தொடங்கினான். சொல்லிக்கொண்டே தொங்கிய உறையை விரலால் முழுதும் உரித்தான். இடது கைப்பிடியின் நுனியில், சிவப்பின்மேல், இரண்டு சிறு கீறல்கள் இருந்தன.

அந்தக் கீறல்களின் சாய்வு, இரண்டாவது கீறல் முதலாவதைவிடச் சற்று ஆழமாக இறங்கியிருந்த விதம், எல்லாம் அவனுடைய கை. உலகத்தில் வேறு எந்த மனிதனும் ஒரு பிளேயரின் வாலில் வேலைமெனக்கெட்டு இப்படிக் கீறியிருக்க மாட்டான்.

“வேற ஒண்ணு எடுத்துக்கங்க” என்றான்.

“காசு?”

“வேண்டாம். எடுத்துக்கங்க.”

“இப்படிச் சும்மா குடுத்தா அதுலயும் ஏதோ இருக்குன்னுதான் தோணுது சார்” என்றார் எலெக்ட்ரீஷியன். ஆனாலும், தடித்த பிடியாகப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டு போனார்.

அவர் போனதும் தட்டிலிருந்து ஒரு பிளேயரை எடுத்துக்கொண்டு பின்னறைக்குள் போனான். பிளேடால் பச்சையை நீளவாக்கில் கீறினான். சிவப்பு. இரண்டு கோடுகள். இன்னொன்றை எடுத்தான், அதிலும் அப்படியே. மூன்றாவதை அறுக்க மனம் வரவில்லை. தன் காலத்தில் விற்காமல் தங்கிய பழைய சரக்கை மொத்த வியாபாரி திரும்ப எடுத்திருக்கலாம், அது ஃபேக்டரிக்குப் போய்ப் பச்சை உடுத்தி வந்திருக்கலாம் என்று தனக்குத் தானே ஓர் ஆறுதலைக் கட்டிப் பார்த்தான். அது நிற்கவில்லை. மாமனாரை அவனுக்குத் தெரியும். கடைக்குள் வந்த எதையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை. கோணிய ஆணியை நிமிர்த்தி விற்பவர். உடைந்த பூட்டைப் பிரித்து அதன் ஸ்பிரிங்கைச் சேர்த்து வைப்பவர். பின்னறையிலிருந்து வெளியே வந்தபோது வாசல் கண்ணாடியில் அவன் முகம் தெரிந்தது. அதன் தோளுக்குப் பின்னால், இடவலம் மாறி, சிவப்புக் கடை.

வாசலில் ‘இதோ வருகிறேன்’ என்ற அட்டையைத் தொங்கவிட்டுவிட்டுத் தெருவைக் கடந்தான். அந்தக் கடையின் படியை விட்டு இறங்கிய பிறகு முதன்முறையாக அதில் ஏறினான்.

மச்சான் கல்லாவிலிருந்து எழுந்தான். “வாங்க மேனேஜர் சார். நேர்லயே வந்து பார்க்கற அளவுக்கு நம்ம பலகை எழுத்து மோசமா?”

“நீ போய் டீ சொல்லு” என்றார் மாமனார். மடியில் ஒரு தகரத் தட்டு, எதிரே கையகல இரும்புக் கட்டை. கோணிய ஆணி ஒன்றைக் கட்டையில் உருட்டி, சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டிருந்தார். அவன் உரித்த பிளேயரைத் தட்டின் ஓரத்தில் வைத்தான். மாமனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு மகனைத் தேடி நிமிர்ந்தார். அவன் அதற்குள் இறங்கிப் போயிருந்தான்.

“சிவப்பு உறையை உரிச்சுட்டுப் பச்சையில முக்குடான்னு தலைதலையா அடிச்சுக்கிட்டேன். சோம்பேறிப் பய, அப்படியே முக்கியிருக்கான்.”

அவ்வளவுதான். ஏதாவது மறுப்பார், மழுப்புவார், குரலை உயர்த்துவார் என்று அவன் வரும் வழியில் எதிர்பார்த்த எதுவும் நடக்கவில்லை.

“அப்ப அந்தக் கடை?”

“எந்தக் கடை?”

“பச்சைக் கடை மாமா.”

மாமனார் அடுத்த ஆணியை எடுத்தார். “ஒரு கடைக்கு ரெண்டு வாசல் இருக்கக் கூடாதா மாப்பிள்ளை?”

“கொக்கு?”

“என்கூடப் படிச்சவர். பேருக்கு அவர். வாரத்துக்கு ஒரு தடவை வந்து முதலாளி மாதிரி நில்லுய்யான்னு சொல்லி வெச்சிருக்கேன். அதைக்கூட ஒழுங்கா நிக்க மாட்டேங்கறார்.”

உட்காரச் சொல்லி அவர் காட்டிய ஸ்டூல், அவன் மாப்பிள்ளையாக இருந்த காலத்தில் உட்கார்ந்த அதே ஸ்டூல். அவன் நின்றான்.

“எதுக்கு இதெல்லாம்?”

“தனியா ஒரு கடை இருந்தா, வர்றவன் விலை ஜாஸ்தின்னு ஊர் முழுக்க அலையப் போயிடுவான். எதிர்லயே இன்னொண்ணு இருந்தா, அங்க ஒரு எட்டு பார்த்துட்டு வந்துடுவான். அவனுக்குத் தேவை, ரெண்டுல ஒருத்தனை ஜெயிச்சாச்சுங்கற நெனப்பு. அதைக் குடுத்துட்டா எங்க வாங்கினா நமக்கென்ன?”

“நானும் அப்படித்தானா?”

மாமனார் சுத்தியலைக் கீழே வைத்தார். அவர் குரலில் குத்தல் இல்லை. ஓர் ஏணியின் உயரத்தைச் சொல்வதுபோல் சொன்னார். “இங்க நின்னப்போ நீங்க எப்படி நின்னீங்கன்னு உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். துவண்டுபோய், கூப்பிட்ட குரலுக்கு ஒரு ‘ம்’ கூட வராம. உங்களுக்கு என்னைப் பிடிக்கல. பிடிக்காட்டா பரவாயில்ல, எனக்கு எதிரா நிக்க ஒரு இடம் குடுத்தா நல்லா நிப்பீங்கன்னு தோணுச்சு. நின்னீங்க. உள்ளதைச் சொல்றேன், என் பையனைவிட நீங்க பத்து மடங்கு தேவலாம். தடிச்ச பிடியைக் காட்டி விலையை ஏத்தினீங்களே, அது எனக்கே தோணல.”

“நான் நாளையிலேர்ந்து வரல மாமா.”

“எங்க வரல? அங்கயா, இங்கயா?”

மாமனார் கல்லாப் பெட்டியின் இழுப்பறையைத் திறந்தார். திருகாணிகளுக்கு நடுவே, ஒரு கயிற்றில் கோத்த பித்தளைச் சாவி கிடந்தது. புது வீட்டுக்காரர் வீட்டைத் திறந்து காட்டியபோது அவன் அதை ஒரு தடவை பார்த்திருக்கிறான்.

“முதலாளி வந்து சொல்லணும்னு அந்த வீட்டுக்காரர் கேட்டாராம். கொக்கு என்கிட்ட வந்து தலையைச் சொறிஞ்சார். நானே போய்ச் சொன்னேன். சாவியை என் கையிலயே குடுத்துட்டார். தர மாட்டேன்னு சொல்லல மாப்பிள்ளை. என் பொண்ணு தனிக்குடித்தனம் போறதுல எனக்கு வருத்தமும் இல்ல. நாளைக்குக் கடையைத் திறங்க. வழக்கம்போலப் பலகையில விலையை எழுதுங்க. சாவி வந்து சேரும்.” இழுப்பறையை உள்ளே தள்ளினார். “டீ குடிச்சுட்டுப் போங்க.”

அவன் குடிக்கவில்லை. வீட்டுக்குப் போனான். கூடத்தில் நாற்காலி காலியாக இருந்தது. காலியாக இருந்தபோதும் அதைச் சுற்றிக்கொண்டுதான் நடந்தான். மாடியில் மனைவி டம்ளர் ஒன்றைத் தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். சுவரோரமாக அட்டைப்பெட்டிகள், அவற்றில் பாதி பச்சைக் கடையிலிருந்து அவன் கொண்டுவந்தவை. மகள் பள்ளியிலிருந்து வர நேரமிருந்தது.

அவன் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னான். பிளேயரில் தொடங்கி, சாவியில் முடித்தான். அவள் கை டம்ளரைச் சுற்றுவதை நிறுத்தவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

“உனக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

“எப்பலேர்ந்து?”

“நீங்க அங்க சேர்ந்த கொஞ்ச நாள்லயே. தம்பி வாயில எது தங்கும்.”

“தெரிஞ்சும் என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல.”

“என்னன்னு சொல்றது?” டம்ளரைப் பெட்டிக்குள் வைத்தாள். “அங்க போனதுக்கு அப்புறம் சாப்பிடும்போது பேசுவீங்களே, இன்னிக்கு உங்கப்பாவை இப்படி மடக்கினேன், உன் தம்பியை அப்படிக் கவுத்தேன்னு. அதுக்கு முன்னாடி சாப்பிடும்போது உங்க குரலே நான் கேட்டதில்ல. அதைக் கெடுக்க மனசு வரல.”

“எல்லாரும் சேர்ந்து என்னைக் கோமாளியாக்கிட்டீங்க.”

“நான் ஒண்ணும் சேரல. அந்த வீட்டைத் தேடிக் கண்டுபிடிச்சது நான். எங்கப்பாவுக்குத் தெரியாம, வெயில்ல தெருத்தெருவா நடந்து.” இப்போதுதான் அவள் கை ஓய்ந்தது. “நீங்க கல்யாணத்துக்கு அப்புறம் வந்தவர். நான் பொறந்ததுலேர்ந்து இந்தக் கூடத்தைத் தாண்டித்தான் போயிட்டு வர்றேன். எங்க போறே, ஏன் லேட்டு, அது யாரு, என்ன வாங்கினே. அந்தப் படிக்கட்டுக்கு உங்களைவிட எனக்குத்தான் ஆசை அதிகம். உங்களுக்கு வீம்பு இருந்தா வேலையை விட்டுடலாம். எனக்கு அதுக்கெல்லாம் வழி இல்ல. அவர் எனக்கு அப்பா, அதை விட முடியாது.”

அவன், கேட்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே கேட்டான்.

“அந்த வீடு? அதுவும் அவரோடதா?”

“இல்லைங்க. அது வாடகை வீடுதான். நானே பேசினேன்.”

அவள் பொய் சொல்லவில்லை என்றே தோன்றியது. ஆனால் ஜன்னல், இரண்டு அறை, தனிப் படிக்கட்டு என்று அந்த வீட்டை மனதில் சுற்றிவந்தபோது, ஒவ்வொரு சுவரிலும் நகத்தால் கீறிப் பார்க்க அவன் விரல் துடித்தது.

மறுநாள் அவன் பச்சைக் கடையைத் திறந்தான். பலகையை வாசலில் சாய்த்தான். துடைக்கவில்லை, காத்திருக்கவில்லை, கண்ணாடியைப் பார்க்கவில்லை. எதிரே மச்சான் ஷட்டரைத் தூக்கி முடிப்பதற்குள் எழுதிவிட்டான். வழக்கமாக எழுதும் பட்டியலுக்குப் பதில், பலகை கொள்ளும் அளவுக்குப் பெரிய எழுத்தில் இரண்டே வரி: ‘இரண்டு கடையிலும் ஒரே பொருள். எல்லாம் எதிர்க்கடை விலையே.’

மச்சான் படித்தான். சாக்பீசைப் பலகைக்குக் கொண்டுபோனான், எடுத்தான், மறுபடி கொண்டுபோனான். கிள்ளி எறிய எண் இல்லை. கடைக்குள் திரும்பி, “அப்பா” என்றான்.

எலெக்ட்ரீஷியன் வந்தார். அவர் பின்னால் ஒரு பெயின்டர், ஒரு தச்சர், கதவுக்குக் கீல் வாங்க வந்த ஓர் அம்மா. எல்லோரும் பலகையைப் படித்தார்கள். தெருவின் நடுவில், இந்தப் பக்கம் ஏறுவதா அந்தப் பக்கம் ஏறுவதா என்று தெரியாமல் நின்றார்கள். அந்தத் தெருவில் ஜனங்கள் அப்படி அசையாமல் நின்று அவன் பார்த்ததில்லை.

“இது என்ன சார், புது டெக்னிக்?” என்றார் எலெக்ட்ரீஷியன்.

“டெக்னிக் இல்லைங்க. ரெண்டும் ஒண்ணு. சிவப்பை எடுத்துப் பச்சையில முக்கியிருக்கு. நீங்கதானே நேத்துப் பார்த்தீங்க.”

“பார்த்தேன். ஆனா நேத்து நீங்க சும்மா குடுத்தீங்களே, அது பிடிக்க எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா? அது எப்படி அதுவும் இதுவும் ஒண்ணாகும்?”

“ரெண்டு தடவை முக்கினதால தடிப்பு. அவ்வளவுதான்.”

“சரி, எவ்வளவு குறைப்பீங்க?”

“குறைக்கறதுக்கு ஒண்ணுமில்ல. அங்க என்ன விலையோ அதேதான் இங்கயும்.”

“அப்ப நான் எதுக்கு இங்க வாங்கணும்?” என்றார் பெயின்டர்.

“அங்கதான் எதுக்கு வாங்கணும்?” என்றார் தச்சர்.

கீல் வாங்க வந்த அம்மா இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். “ரெண்டு கடைக்காரனும் ரகசியமாக் கைகோத்துட்டாங்க போல. வேற தெருவுல பார்த்துக்கறேன்” என்று பையை இடுக்கிக்கொண்டு நடந்தார். பெயின்டரும் ஓரடி பின்வாங்கினார்.

அப்போது மாமனார் தெருவைக் கடந்தார். அவர் இந்தப் பக்கம் வந்து யாரும் பார்த்ததில்லை. கூட்டம் விலகி வழிவிட்டது. போகத் தொடங்கிய அம்மா நின்றார். மாமனார் படியேறி, கல்லாவின் முன்னால், ஒரு வாடிக்கையாளர் நிற்கும் இடத்தில் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து கயிற்றில் கோத்த பித்தளைச் சாவியை எடுத்துக் கல்லாவின்மேல் வைத்தார். வைத்த கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

“கட்டிங் பிளேயர் என்ன விலை?” என்றார்.

அவன் அவர் முகத்தைப் பார்த்தான். அங்கே மாமனார் இல்லை. சரக்கை நம்பாத, விலையை நம்பாத, கிளம்பிப் போகவும் மனமில்லாத ஒரு வாடிக்கையாளர் நின்றார். அவ்வளவு நன்றாக நின்றார். கொக்கு இவரிடம்தான் நிற்கக் கற்றுக்கொள்ள வேண்டும்.

வாசலில் எலெக்ட்ரீஷியன் கழுத்தை நீட்டினார். அவனுக்கு ‘மாமா’ என்று ஒரு சொல் நாக்கின் நுனிவரை வந்திருந்தது. மாமா, இது உங்க கடை, உங்க சரக்கு, உங்களுக்கே விலை சொல்ல வேண்டுமா? அதைச் சொன்னால் இவர்கள் எல்லோரும் கேட்பார்கள். ஒருவேளை நம்பவும் செய்வார்கள். சொல்லிவிட்டு இறங்கி நடக்கலாம். நான்கு தெரு தள்ளி ஒரு படிக்கட்டு அப்படியே இருக்கும். காலி டம்ளர்கள் தாளுக்குள் இருக்கும். அவள் மறுபடியும் அந்தக் கூடத்தைக் கடந்து போவாள்.

“கேட்டேனே” என்றார் மாமனார். “எதிர்க்கடையில இதைவிடக் குறைச்சுத் தர்றாங்க.”

அவன் தட்டிலிருந்து ஒரு பிளேயரை எடுத்தான்.

“அது சிவப்பு சார்” என்றான். குரல் தடுமாறும் என்று எதிர்பார்த்தான், வழுக்கிக்கொண்டு வந்தது. “இது பச்சை. ரெண்டும் ஒண்ணு மாதிரிதான் தெரியும். கையில பிடிச்சுப் பாருங்க.”

மாமனார் சாவியின்மேலிருந்து கையை எடுத்து பிளேயரை வாங்கினார். பிடித்துப் பார்த்தார். காற்றில் இரண்டு முறை நறுக்கினார். வெளிச்சத்தில் தூக்கி, ஒரு கண்ணை மூடி, வாய் சரியாகக் கவ்வுகிறதா என்று பார்த்தார்.

“ஆமா. பிடி நல்லாத்தான் இருக்கு” என்று கூட்டத்துக்கும் கேட்கும்படி சொன்னார். “கொஞ்சம் பார்த்துப் போட்டுக் குடுங்க.”

அவன் குறைத்தான். அவர் இன்னும் குறைக்கச் சொன்னார். கடைசியில் அவர் வென்றார். அல்லது அவன் விட்டுக்கொடுத்தான். பணத்தைக் கல்லாவில் வைத்துவிட்டு, பிளேயரோடு படியிறங்கித் தெருவைக் கடந்து சிவப்புக் கடைக்குள் போனார். சாவி அவன் எதிரில் கிடந்தது. பிளேயர் தன் பழைய வீட்டுக்குத் திரும்பிவிட்டது. இனி அது எந்த நிறத்தில் முங்கி எந்த வாசலில் வந்து நிற்கும் என்று அவனுக்குத் தெரியாது.

எதிரே மச்சான் உயிர்பெற்று எழுதத் தொடங்கினான். கண்ணாடியில் எண்கள் ஒவ்வொன்றாய், இடவலம் மாறி, முளைத்தன.

எலெக்ட்ரீஷியன் படியேறிவிட்டார். அவர் பின்னால் பெயின்டர், அவருக்குப் பின்னால் கீல் அம்மா.

“சார், அவருக்குக் குடுத்த விலை எனக்கும் உண்டுதானே?”

அவன் சாவியை எடுத்து உள்பையில் போட்டான். பித்தளை நெஞ்சில் சில்லென்று பட்டது. வாசலுக்குப் போய், தான் எழுதிய இரண்டு வரியையும் உள்ளங்கையாலேயே துடைத்தான். சாக்பீஸ் கையில் இருந்தது. எதிர்ப் பலகையில் முதல் எண்ணைப் படித்ததும், அவன் சொல்லாமலே, விரல் அதிலிருந்து ஒரு சிட்டிகையைக் கிள்ளிவிட்டு எழுதியது.

“உங்களுக்கு இன்னும் குறைச்சுத் தர்றேன்” என்றான்.